மீன் சாலட் கொடி

ஹெர்ஃபோல் தீவு, நார்வே
12 ஜூன் 1905

அன்புத் தங்கை சேவிக்கு,

அண்ணன் தூபியாஸ் எழுதுகிறேன். இங்கே நான், மகன் ஐவிந்த், மருமகள் போர்கில்ட், பசு எல்லோரும் சுகம். பசுதான் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ஹில்மர் என்னைப் போல இன்னும் கப்பல்களுக்கு வழிகாட்டப் போகிறாரா, இல்லை அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாரா?

சேதி உன் காதுக்கும் வந்திருக்கும். போன புதன்கிழமை எங்கள் பாராளுமன்றம், ‘ஸ்வீடன் ராஜா இனிமேல் எங்களுக்கு ராஜா இல்லை’ என்று சொல்லிவிட்டது. தொண்ணூறு வருஷம் ஒரே ராஜாவின் கீழ் இருந்த இரண்டு நாடு, ஒரே காலையில் தனித்தனி அடுப்பு வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோட்டைகளில்கூடப் பழைய கொடியை இறக்கிச் சுத்தமான கொடியை ஏற்றினார்கள். நான் அழுதுவிட்டேன். போர்கில்ட், “மாமா, வெங்காயம் நறுக்குறது நான், அழறது நீங்களா?” என்கிறாள்.

இரண்டு நாடும் ஒன்று என்று காட்ட இரண்டு நாட்டுக் கொடியின் மூலையிலும் வைத்தார்களே, எங்கள் வீட்டுக் கொடியில் இருந்த அந்தக் கலப்படத் துண்டை நான் ஆறு வருஷம் முன்பே பிரித்து எறிந்தவன். எங்கள் சிவப்பும் உங்கள் நீலமும் மஞ்சளும் ஒன்றாகக் கொத்திப் போட்டது. ஹெர்ரிங் மீனும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பிசைந்த மாதிரி இருக்கிறதென்று ஊரே அதற்கு மீன் சாலட் என்று பெயர் வைத்தது. ஸ்வீடன்காரியான நீ மட்டும் இன்னும் சாலட்டைப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறாய்! நேற்று ஞாயிறு மதியம் தொலைநோக்கியில் பார்த்தேன். உன் கம்பத்தில் சாலட் நன்றாகத்தான் பறந்தது. நீ நலம் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா வைத்த வழக்கத்தை நாம் விட வேண்டாம். ராஜாக்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

உன் நினைப்பு மாறாத
தூபியாஸ்

---

கோஸ்டர் தீவு, ஸ்வீடன்
27 ஜூன் 1905

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை செவரினே. நானும் அவரும் நலம். மூட்டு வலிக்கிறது, ஆனால் பழகிவிட்டது. அது இல்லாவிட்டால்தான் எனக்கு என்னவோ போலிருக்கும்.

உன் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? ஒவ்வொரு எழுத்தும் பசுமாடு அளவு இருக்கிறது. வரிகள் மலையேறுகின்றன. குடித்துவிட்டு எழுதினாயா?

இங்கே பேச்சு மாறித்தான் போயிருக்கிறது. முப்பது வருஷமாக நான் இந்த ஊர்க்காரி. இப்போது திடீரென்று நார்வேக்காரி. கடைக்குப் போனால் கடைக்காரன் அல்கோட்டின் பெண்டாட்டி, “உங்க ஆளுங்க ராஜாவையே வேணாம்னுட்டாங்களாமே, காப்பியாவது வேணுமா?” என்று கேட்கிறாள். அரைக் கிலோ கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உன் கொடியை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஹில்மரின் தொலைநோக்கியில் உன் கொடியின் மூலையில், சாலட்டை எடுத்த இடத்தில் நீ வைத்த ஒட்டுத் துண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது. மற்ற சிவப்பெல்லாம் வெளுத்துவிட்டது.

போன ஞாயிறும் அதற்கு முந்தைய ஞாயிறும் மதியம் நான் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் நினைத்திருப்பாய். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேள் அண்ணா. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போர்கில்டுக்கு என் அன்பு. பசுவுக்கும்.

உன்
சேவி

---

ஹெர்ஃபோல்
10 ஜூலை 1905

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். கையெழுத்தைப் பற்றிக் கேட்டாய். புது நிப்பு வாங்கினேன், அது சண்டிக்குதிரை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. வயதாகிறது இல்லையா, பாறையில் தாவும்போது முழங்கால் கொஞ்சம் யோசிக்கிறது. அதனால் கப்பலுக்குப் போகும்போதெல்லாம் ஐவிந்தையும் கூட்டிப்போகிறேன். சுக்கானை அவன் பிடிக்கிறான், சத்தம் போடுவது நான்.

கடைக்காரி பேச்சை மனதில் வைக்காதே. ‘காப்பியை உங்க ராஜாவுக்கும் கொஞ்சம் அனுப்பு, தூக்கம் தெளியட்டும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் போய் வாய் ஓயுமா, ஆச்சரியமாக இருக்கிறது.

உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது? நீதான் வாராவாரம் பதில் சொல்லிவிடுகிறாயே. இந்த நான்கு ஞாயிறும் மதியம் பாறை மேல் ஏறி உன் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். ஜோராகப் பறக்கிறது. மீன் சாலட் மட்டும் கண்ணை உறுத்துகிறது!

‘ஞாயித்துக்கெழம மதியம் கொடி ஏறுச்சுன்னா பொண்ணு நல்லா இருக்கா. ஏறலேன்னா படகை எடு’ என்று அம்மா உன் கல்யாணத்தன்று எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு தடவைகூடப் படகை எடுக்கவிடாத தங்கை நீ. மகராசியாக இரு.

தூபியாஸ்

---

கோஸ்டர்
30 ஜூலை 1905

அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உன் கடிதத்தை ஹில்மருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, “நாலு ஞாயிறுமா?” என்று கேட்டார். நாலும்தான் என்றேன். பைப்பை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற ஞாயிறு, ஆறாம் தேதி, மதியம் பன்னிரண்டு மணிக்கு நீ கண்டிப்பாகத் தொலைநோக்கியோடு பாறை மேல் ஏறு. வானம் தெளிவாக இருந்தால் ரொம்ப நல்லது. என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது. ஐவிந்தைப் பார்க்கச் சொல்லாதே. நீயே பார்.

சேவி

---

ஹெர்ஃபோல்
14 ஆகஸ்ட் 1905

அன்புத் தங்கை சேவிக்கு,

சுகம், சுகம், சுகம். நேற்று நாங்கள் எல்லா ஆண்களும் வரிசையாக நின்று, பிரிவதற்குச் சம்மதம் என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். எங்கள் தீவில் ஒருவன்கூட ‘இல்லை’ போடவில்லை. பாதிரியார் நல்ல சட்டை போட்டிருந்தார். போர்கில்ட், “பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லாத சுதந்திரம் என்ன சுதந்திரம்?” என்று சட்டியை ‘டங்’கென்று வைத்தாள். அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் தீய்ந்துபோயிருந்தது.

கோபமில்லையே உனக்கு? நான் பிரிந்தது உன் ராஜாவிடமிருந்து, உன்னிடமிருந்து இல்லை.

சரி, நீ சொன்னபடியே ஆறாம் தேதி மதியம் ஏறினேன். வானம் கண்ணாடி. என்ன விசேஷமோ என்று ரொம்ப நேரம் பார்த்தேன். கொடி வழக்கம்போல அழகாகப் பறந்தது. புதுக் கயிறு மாற்றினாயோ? சாலட்டில் மஞ்சள்கூடத் தனியாகத் தெரிந்தது. விசேஷம் என்னவென்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் அன்பு அண்ணன்
தூபியாஸ்

---

கோஸ்டர்
20 ஆகஸ்ட் 1905

என் அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற தெம்பு எனக்கு இல்லை. உன் கடிதத்தைப் படித்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆறாம் தேதி மதியம் என் கம்பத்தில் பறந்தது கொடி இல்லை. ஹில்மரின் கம்பளி நிஜார். குளிர்காலத்துக்கு உள்ளே போடுவாரே, கணுக்கால் வரை வருமே, அது. இரண்டு காலும் காற்று நிரம்பி, ஆள் இல்லாமலே கம்பத்தில் நடை பழகிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க வாசலுக்கு வந்து சிரித்தது. அல்கோட், “என்னம்மா, இதுதான் நார்வேயோட புதுக் கொடியா?” என்று கத்தினான். ஹில்மர் மட்டும் சிரிக்கவில்லை. “உங்க அண்ணன் என்ன சொல்றார்னு பார்ப்போம்” என்றார்.

நீ மஞ்சளைத் தனியாகப் பார்த்தாய்.

அண்ணா, ஜூன் பதினெட்டிலிருந்து நான் கொடியே ஏற்றவில்லை. இப்போது சொல்கிறேன். அல்கோட் வந்து வேலியோரம் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தான். முப்பது வருஷமாக யாரும் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தான். அந்தத் துண்டில் நார்வே சிவப்பு மேலும் கீழும் இருக்க வேண்டும், ஸ்வீடன் நீலம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு அம்மா அதைத் தைத்துக் கொடுத்தபோது படுக்கைவாட்டில் திருப்பித் தைத்துவிட்டிருக்கிறாள். சிவப்பு கம்பத்தை ஒட்டி நிற்கிறது, எங்கள் நீலம் மேலும் கீழும் போய்விட்டது. “நார்வேயைக் கம்பத்துப் பக்கம் வச்சு முப்பது வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கா” என்று ஊர்க்கூட்டத்திலேயே பேசினான். துண்டை வெட்டி எடு, இல்லையென்றால் கொடி ஏற்றாதே என்றார்கள். அம்மா தைத்ததில் கத்தரி வைக்க மாட்டேன் என்றேன். கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொன்னால் உனக்குக் கஷ்டம், படகை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய், வந்தால் இங்கே சண்டை. அதனால் சொல்லவில்லை. ஆனால் வெறும் கம்பத்தைப் பார்த்து நீயாகவே கேட்பாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. சுதந்திரம் வந்ததும் தங்கையை மறந்துவிட்டான் என்று உன்னைத் திட்டினேன். அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

உன் கண்ணுக்கு என்ன அண்ணா? எவ்வளவு நாளாக? இன்னும் கப்பலேறுகிறாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

உடனே எழுது. பசுமாடு அளவிலேயே எழுது.

சேவி

---

ஹெர்ஃபோல்
15 செப்டம்பர் 1905

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

போர்கில்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாமா எழுதவில்லை, நான்தான் மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். அதற்குக் கண் வேண்டாம்.

அத்தை, உங்கள் கடிதங்களை இரண்டு வருஷமாக அவருக்கு நான்தான் படிக்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாதென்று பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார். ஏப்ரலில் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு சாகிறதாம், கத்தியால் ஒன்றும் செய்ய முடியாதாம். மிச்சம் இருக்கிற வெளிச்சம் கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்றார். மாமா வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, “டாக்டர் நல்ல பையன், காது மட்டும் பெரிசு” என்றார். அவ்வளவு பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு எதுவும் தெரியும்.

நிஜார் கடிதத்தை நான் படித்தபோது முதலில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். நான் மேலே படிக்கப் படிக்க முகம் மாறியது. “அவ கம்பம் வெறுமனே நின்னுருக்கு. நான் படகை எடுக்கல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் தன் கப்பல் வழிகாட்டிப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, ஆபீசுக்கு அனுப்பச் சொன்னார்.

நேற்று முன்தினம் ஐவிந்தைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லையில் நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் உங்கள் ஊர்ப் பையன்கள் நிற்பார்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை அத்தை. மாமா நான் அழுவது தெரியாத மாதிரி இருக்கிறார். எனக்கும் அதுதான் நல்லது.

நீங்கள் வர முடியுமா? வெளிச்சம் போவதற்குள் உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. கேட்க மாட்டார்.

தங்கள்
போர்கில்ட்

---

கோஸ்டர்
18 செப்டம்பர் 1905

அண்ணா,

இந்தக் கடிதத்தை உனக்குப் போர்கில்ட் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அவளைத் திட்டினாயோ, நான் வந்து உன் காதைத் திருகுவேன்.

நான் வருகிறேன். ஆனால் இன்றைக்கு முடியவில்லை. நமக்கு நடுவில் இரண்டு பக்கத்துப் போர்க்கப்பல்களும் புகை விட்டுக்கொண்டு நிற்கின்றன. மீன்பிடிப் படகைக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள். ஹில்மர் துறைமுகத்தில் போய்க் கேட்டார். “மச்சானைப் பார்க்கணும், கண்ணு போகுது” என்றாராம். அந்த அதிகாரி சின்னப் பையன்தான், முகம் சிவந்துபோய், “கொஞ்ச நாள் பொறுங்க அய்யா, பேச்சுவார்த்தை நடக்குது” என்றானாம். யுத்தம் வந்துவிட்டால் நான் உன்னைப் பார்ப்பது எப்போது? உன் வெளிச்சம் யாருடைய பேச்சுவார்த்தைக்காகவும் காத்திருக்காதே!

இன்னொரு சேதி. நேற்று ஞாயிறு. ஹில்மர் பெட்டியைத் திறந்து கொடியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார். அல்கோட் வேலிக்கு ஓடிவந்தான். “ஹில்மர், இந்த நேரத்துல சிவப்பை ஏத்துறியா?” என்றான். இவர் கயிறை இழுத்துக்கொண்டே சொன்னார்: “கல்யாணத்தன்னைக்கே பார்த்தேன், துண்டு திரும்பியிருக்குன்னு. மாமியார் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கிட்டேன். முப்பது வருஷம் மூடுன வாயை உனக்காகத் திறக்கணுமா?” அல்கோட் வீட்டுக்குள் போய்விட்டான். நான் அந்த மனிதரைக் கல்யாணம் செய்தது எவ்வளவு நல்லது என்று நேற்றுதான் முழுசாகத் தெரிந்தது.

ஆகவே, கேட்டுக்கொள். நேற்று மதியம் என் கொடி ஏறியது. இனி எல்லா ஞாயிறும் ஏறும். ஐவிந்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், எதிர்ப்பக்கம் நிற்கிற பையன்களுக்காகவும்.

உன் சேவி

---

ஹெர்ஃபோல்
8 அக்டோபர் 1905

என் தங்கை சேவிக்கு,

நான் சொல்ல, போர்கில்ட் எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை. (சேர்க்கவில்லை அத்தை.)

சமாதானம் ஆகிவிட்டது. ஐவிந்த் ஒரு குண்டும் சுடாமல் பேனோடு வீடு வந்து சேர்ந்தான். போர்கில்ட் அவனை வாசலிலேயே நிறுத்தி, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள்.

உனக்கு நான் ஏன் சொல்லவில்லை? பயம்தான் காரணம். கண்ணில்லாதவன் கப்பலுக்கு வழிகாட்ட முடியாது. கப்பல் இல்லாவிட்டால் தூபியாஸ் யார்? அதனால் ஐவிந்தின் கண்ணை வைத்துக்கொண்டு கொஞ்சநாள் ஓட்டினேன். உனக்கு எழுதும்போது மட்டும் பழையபடி எல்லாம் பார்க்கிற ஆளாக இருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு மதியம் பாறை மேல் ஏறி, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் சாம்பல் நிறம்தான். அதற்குள் உன் கொடியை நானே ஏற்றிக்கொள்வேன். உன் கம்பம் வெறுமனே நின்ற நாட்களிலும் ஏற்றியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ஊரிலும் அந்தத் துண்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அப்படி ஆணை வந்தால் கத்தரி வைக்காதே. தையலைப் பிரித்து எடு. எடுத்து எனக்குக் கொடு. சிரிக்காதே. ஆறு வருஷம் உன் சாலட்டைக் கிண்டல் செய்தவன்தான் கேட்கிறேன். எங்கள் வீட்டுத் துண்டையும் அம்மாதான் தைத்தாள், நான் ஒரு ஆவேசத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மாவின் தையல் இனி உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

சீக்கிரம் வா. அடுப்பை அணைத்த பிறகு கரியில் கொஞ்சம் சிவப்பு இருக்குமே, அவ்வளவுதான் இப்போது என் கண்ணில் வெளிச்சம்.

தூபியாஸ்

---

கோஸ்டர்
1 நவம்பர் 1905

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே புறப்பட்டிருப்பேன். புயல் பிடித்துக்கொண்டது. புயல் விட்டதும் ஹில்மருக்குக் காய்ச்சல். பதினைந்து நாள் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உன் வெளிச்சத்தையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்து நடக்கிறார். காப்பி நன்றாக இல்லை என்கிறார், ஆகவே பிழைத்துவிட்டார்.

இன்றைக்கு ஸ்வீடன் முழுக்க அந்தத் துண்டு இல்லாத கொடி ஏறுகிறது. நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். அம்மா என்ன தையல் போட்டிருக்கிறாள்! ஒவ்வொரு முடிச்சும் உயிரை வாங்கிவிட்டது. முப்பது வருஷக் காற்றில் ஒரு நூல்கூட விடவில்லை. ஓட்டைக்கு ஹில்மரின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு உள்துணியிலிருந்து நீலம் வெட்டித் தைத்தேன். மூலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, உன் கொடியில் இருந்ததே, அதே மாதிரி. அல்கோட் வீட்டுக் கொடிக்கும் நான்தான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்தாள். கேட்காமலே கொண்டுவந்தாள்.

துண்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். ஹெர்ரிங் மீன் நான் கொண்டுவருகிறேன். பீட்ரூட் வேகவைக்கச் சொல்.

சேவி

---

ஹெர்ஃபோல்
20 நவம்பர் 1905

என் தங்கை சேவிக்கு,

சுகம். போர்கில்ட் எழுதுகிறாள். நீ திருகிய காது இன்னும் சிவந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் இருமல் எப்படி?

நீ போனதிலிருந்து ஊரில் எனக்கு மரியாதை போய்விட்டது. படகுத்துறையில் நடந்ததை ஐவிந்த் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தடவி, “சேவி, ரொம்ப இளைச்சுட்டியேடி, மீசை வேற வந்திருச்சு” என்றேனாம். வேண்டுமென்றே செய்தேன், சிரிக்க வைக்கத்தான் என்று உன்னிடம் அன்றைக்குச் சொன்னேன். பொய். அன்றைக்குக் காலையில் எழுந்தபோது கண்ணில் அந்தக் கடைசிச் சிவப்பும் இல்லை. மூன்று நாளாகவே இல்லை. நீ வரும்வரை இருக்கட்டும் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். நீ அழுவாய் என்றுதான் மீசைக்கதையைப் பெரிசாக்கினேன். இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று சொன்னேன் இல்லையா, அதனால் இதையும் சொல்லிவிட்டேன்.

வருத்தப்படாதே. உன் குரல் வந்தது, உன் கை வந்தது, உன் சாலட்டில் உப்பு அதிகமாக வந்தது. எனக்கு அது போதும்.

துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் போன பிறகு அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். நீலமும் மஞ்சளும் ஒரே மாதிரி மெல்லிய துணி, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சிவப்பு தெரிகிறது சேவி! தடிப்பாக, சொரசொரவென்று இருக்கிறது. அது கொடித்துணியே இல்லை. அம்மாவின் சிவப்புக் கம்பளிப் பாவாடை. சின்ன வயசில் பாதிரியார் வந்தால் நாம் இரண்டு பேரும் ஓடிப்போய் அதற்குள் ஒளிந்துகொள்வோமே, அதே பாவாடை. உன் கல்யாணத்தின்போது சிவப்புத்துணி வாங்க வழியில்லை போலிருக்கிறது. முப்பது வருஷம் நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். கண் இருந்தவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

அல்கோட் சொன்னது சரிதான். அம்மா தெரியாமல் திருப்பவில்லை. அவள் கப்பல்காரன் பெண்டாட்டி, கொடியில் எது எங்கே என்று அவளுக்கா தெரியாது? கொடியில் காற்றடிக்கும் பக்கம் கிழியும், கயிற்றுப் பக்கம்தான் கடைசி வரை தாங்கும். தன் பாவாடையை அந்தப் பக்கம் வைத்து உன் கூட அனுப்பியிருக்கிறாள். ராஜாவும் தெரியாது, ராஜ்ஜியமும் தெரியாது அவளுக்கு.

நேற்று ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு ஐவிந்த் என்னைப் பாறை மேல் ஏற்றிவிட்டான். தொலைநோக்கியை அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாயைத் திறக்கப் போனான், “சும்மா இருடா” என்றேன். துண்டை எடுத்து, கயிற்றுப் பக்கத்துச் சிவப்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உன் தீவுப் பக்கம் திரும்பி நின்றேன். காற்று அங்கிருந்துதான் வந்தது.

உன் கொடியைப் பார்த்தேன் சேவி. ஜோராகப் பறந்தது.

உன் அண்ணன்
தூபியாஸ்

(அத்தை, போர்கில்ட் சேர்ப்பது: உங்கள் கொடி ஏறியிருந்தது. நிஜார் இல்லை, கொடிதான். ஐவிந்த் பார்த்தார். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.)